ஒற்றை எழுத்தின் விலை – 9: ‘ஒய்’ ஆட்சி முடிந்தது

அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களில் 1952-இல் டூரிஸ்ட் வகுப்பு வந்தது. 1958-இல் அதைவிட மலிவாக எகானமி வந்தது. 1972-இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் ஒரு சின்னக் கணக்கை எழுதிக் காட்டினார். 1977-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘சூப்பர் சேவர்’ டிக்கெட்டை விற்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மீது வைத்திருந்த பிடியை விட்டது.

1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் தொடுத்த கட்டணப் போரில் டொனால்ட் பர்ரின் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விமான நிறுவனம் நிலைகுலைந்து, 1987-இல் கான்டினென்டலோடு கலந்து காணாமல் போனது. சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

அந்தப் போரில் கிராண்டல் கையில் இருந்த ஆயுதம் லிட்டில்வுட்டின் கணக்கு. அது கோவையின் பீளமேட்டுக்கு வந்து சேர இன்னும் 15 ஆண்டு பிடித்தது.

ஏன் அவ்வளவு தாமதம்? வந்தபோது யார் பை கனத்தது, யார் பை இளைத்தது?

* * *

ஒரே ஊர், ஒரே விலை

கோவை விமான நிலையம் 1940-இல் பீளமேட்டில் தொடங்கியது. 1953-இல் நாட்டின் விமான நிறுவனங்கள் அரசுடைமை ஆயின. உள்நாட்டுப் பயணம் முழுவதும் இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தது. கோவைக்கு டகோட்டாவும் ஃபோக்கரும் ஆவ்ரோவும் வந்து போயின. ஜெட் இறங்குவதற்காக ஓடுபாதையை நீட்டியபோது விமானங்கள் சிறிது காலம் சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் போய், 1987-இல் பீளமேட்டுக்குத் திரும்பின.

அந்தக் காலத்து டிக்கெட் ஒரு சின்னப் புத்தகம். தாளுக்குப் பின்னால் சிவப்புக் கார்பன் பூசியிருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள்: விமான எண், வகுப்பு, தேதி, நேரம், நிலை, கட்டண அடிப்படை.

வகுப்புக் கட்டத்தில் ‘ஒய்’ என்று இருக்கும். நிலைக் கட்டத்தில் ‘ஓகே’ என்று இருந்தால் இடம் உறுதி. ‘ஆர்க்யூ’ என்று இருந்தால் கேட்டிருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்.

எல்லார் கண்ணும் ‘ஓகே’ மீதுதான் இருந்தது. ‘ஒய்’யை யாரும் பார்க்கவில்லை, பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. முன்னால் இருக்கும் எக்சிகியூட்டிவ் வகுப்புக்கு ‘ஜே’, பின்னால் இருக்கும் எல்லாருக்கும் ‘ஒய்’. குழந்தைக்கும் மாணவருக்கும் முதியவருக்கும் சலுகை உண்டு. அதைக் காட்ட ‘ஒய்’யின் வாலில் இன்னும் இரண்டு எழுத்து சேரும். மற்றபடி மூன்று மாதம் முன்பே வாங்கினாலும் சரி, அன்று காலையில் ஓடிப்போய் வாங்கினாலும் சரி, சென்னைக்கு ஒரே கட்டணம்.

அந்த விமானத்தில் போனவர்கள் யார்? பஞ்சாலை முதலாளிகள், பம்ப்செட் கம்பெனிக்காரர்கள், மில் இயந்திரம் செய்பவர்கள், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள், அரசு அதிகாரிகள். பெரும்பாலானோருக்கு டிக்கெட் காசு கம்பெனிக் கணக்கில் போய்விடும். மற்ற கோவைக்காரர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸிலோ சேரன் எக்ஸ்பிரஸிலோ ராத்திரி ஏறிப் படுத்து விடியற்காலையில் சென்ட்ரலில் இறங்கினார்கள்.

ரயில் டிக்கெட்டிலும் எழுத்து உண்டு. ஆனால் அந்த எழுத்து பெட்டியைச் சொல்லும்: இது படுக்கை, இது ஏசி, இது உட்காரும் பெட்டி. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தாலே தெரியும்.

விமான டிக்கெட்டின் எழுத்தும் அப்படித்தான் என்று கொங்கு நாடு 2002 வரை நினைத்திருந்தது.

* * *

கதவு திறந்தது, விலை நகரவில்லை

1990-களின் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்களுக்கு ‘ஏர் டாக்சி’ என்ற பெயரில் வாசல் திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், ஜெட் ஏர்வேஸ் என்று வரிசையாக வந்தார்கள். சென்னையிலிருந்து என்.இ.பி.சி. நிறுவனம் ஃபோக்கர் விமானங்களோடு கிளம்பியது. 1994-இல் அரசுடைமைச் சட்டமே நீக்கப்பட்டது. கட்டணத்தை இனி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சட்டப்படி பார்த்தால் அமெரிக்காவின் 1978 இந்தியாவுக்கு 1994-இல் வந்துவிட்டது. அங்கே நடந்த வெட்டுக்குத்து இங்கே உடனே நடக்கவில்லை.

காரணம் எளிது. விமானங்கள் குறைவு, பயணிகள் ஏராளம். இருக்கிற இருக்கையே விற்றுப்போகும்போது விலையைக் குறைக்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? போட்டி சாப்பாட்டுத் தட்டிலும், நேரத்துக்குக் கிளம்புவதிலும், பணிப்பெண்ணின் வரவேற்பிலும் நடந்தது. முக்கியப் பாதைகளில் ஒருவர் கட்டணத்தை ஏற்றினால் மற்றவரும் ஏற்றினார்.

வந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. 1990-கள் முடிவதற்குள் ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், என்.இ.பி.சி. எல்லாம் கடையை மூடின. மிஞ்சியவை இந்தியன் ஏர்லைன்ஸ், ஜெட், சஹாரா.

பிறகுதான் இருக்கைகள் காலியாகத் தெரிய ஆரம்பித்தன. விமானங்கள் பெருகின, 2001 செப்டம்பருக்குப் பிறகு உலகெங்கும் பயணம் சுணங்கியது. கதவை மூடிக் கிளம்பிய விமானத்தின் காலி இருக்கை, அடுத்த நாள் விற்கிற சரக்கல்ல. நூல் மூட்டை கிடங்கில் கிடந்தால் அடுத்த மாதம் விற்கலாம். காலை 7 மணி விமானத்தின் காலி இருக்கைக்கு 7 மணி 1 நிமிடத்தில் மதிப்பு சுழியம்.

2002-இல் உள்நாட்டுப் பாதைகளில் ‘அபெக்ஸ்’ கட்டணம் அறிமுகமானது. முன்கூட்டியே வாங்கினால் பாதி விலைக்கும் கீழே. ஆனால் ரத்து செய்தால் பணத்தில் பெரும்பகுதி போய்விடும், தேதி மாற்றமும் எளிதில் நடக்காது, ஒரு விமானத்தில் சில இருக்கைகளுக்கு மட்டும்தான்.

முதல் முறையாக, ஒரே வரிசையில் ஒட்டி உட்கார்ந்த இரண்டு பேரின் டிக்கெட்டில் வேறு வேறு எழுத்து விழுந்தது. ஒருவருக்கு ‘ஒய்’. மற்றவருக்கு வேறொன்று.

இருக்கை ஒன்றே. சாப்பாடும் ஒன்றே. இறங்கும் நேரமும் ஒன்றே. பின்னே அந்த எழுத்து எதைத்தான் சொல்கிறது?

* * *

லிட்டில்வுட்டின் கேள்வி

இதற்கு விடை காண 1972-க்கு ஒரு நிமிடம் திரும்ப வேண்டும்.

லிட்டில்வுட் கேட்டது ஒரே கேள்வி: மலிவு விலைக்கு ஒருவர் இப்போது கேட்கிறார், அவருக்குக் கொடுத்துவிடலாமா, முழு விலை கொடுக்கும் ஒருவர் கடைசி நேரத்தில் வருவார் என்று அந்த இருக்கையைப் பிடித்து வைக்கலாமா?

புரிவதற்காக நாமே எண்களை வைத்துக்கொள்வோம். மலிவு டிக்கெட் 1,000 ரூபாய். முழு டிக்கெட் 4,000 ரூபாய். இதே விமானத்தின் கடந்த 100 பயணங்களைப் புரட்டிப் பார்க்கிறோம். கடைசி நேரத்தில் 10 பேராவது வந்த பயணங்கள் 30. அப்படியானால் பத்தாவது இருக்கையைக் கடைசி நேரப் பயணிக்காகப் பிடித்து வைத்தால், சராசரியாகக் கிடைப்பது 4,000-இல் 30 சதவீதம்: 1,200 ரூபாய். இப்போது கையில் வருகிற 1,000-ஐ விட அது கூடுதல். ஆகவே பிடித்து வை.

பன்னிரண்டாவது இருக்கையைப் பார்ப்போம். கடைசி நேரத்தில் 12 பேராவது வந்த பயணங்கள் 20 மட்டுமே. 4,000-இல் 20 சதவீதம் 800 ரூபாய். 1,000-ஐ விடக் குறைவு. ஆகவே மலிவு விலைக்கே கொடுத்துவிடு.

அவ்வளவுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் மலிவு எழுத்து, அந்தப் பக்கம் முழு எழுத்து.

1987-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பீட்டர் பெலோபாபா இந்த ஒரு கோட்டைப் பல கோடுகளாக விரித்தார். இரண்டு விலை இருந்த இடத்தில் ஆறும் எட்டும் பத்தும் வந்தன. ஒவ்வொரு விலைக்கும் ஓர் எழுத்து தேவைப்பட்டது. ‘ஒய்’க்குக் கீழே பி, எம், எச், கே, க்யூ, எல், வி என்று ஆங்கில எழுத்துகள் படிக்கட்டு போல இறங்கின. எந்த எழுத்து எந்தப் படி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ‘எஃப்’ முதல் வகுப்பு, ‘ஜே’யும் ‘சி’யும் பிசினஸ், ‘ஒய்’ முழு எகானமி என்பதுதான் பெரும்பாலும் பொது.

எழுத்துக்குப் பின்னால் ஒரு வாலும் முளைத்தது. ‘க்யூஎல்எக்ஸ்ஏபி21’ என்று கட்டண அடிப்படைக் கட்டத்தில் இருந்தால் வழக்கமான வாசிப்பு இது: ‘க்யூ’ என்ற மலிவுப் படி, ‘எல்’ என்றால் கூட்டம் குறைந்த பருவம், ‘எக்ஸ்’ என்றால் வார நாள், ‘ஏபி21’ என்றால் 21 நாள் முன்பே வாங்கியது. வார இறுதி என்றால் ‘டபிள்யூ’, கூட்டப் பருவம் என்றால் ‘எச்’.

மந்திரம் போலத் தெரிகிற அந்த வரியில் இருக்கையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. எப்போது முடிவு செய்தீர்கள், எந்த நாளில் போகிறீர்கள், மனம் மாறினால் என்ன ஆகும் — முழுக்க உங்களைப் பற்றிய குறிப்புதான் அது.

இதைக் கொங்கு நாடு நேரில் உணர்ந்தது, பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு விவசாயி விமானம் விட்டபோது.

* * *

கோரூர்க்காரர்

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் கோரூர். அங்கே வளர்ந்தவர் கோபிநாத். ராணுவத்தில் கேப்டனாக இருந்து வெளியே வந்து, பட்டுப்புழு வளர்த்தார், விவசாயம் பார்த்தார், ஹெலிகாப்டர் நிறுவனம் நடத்தினார். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஆர்.கே. லக்ஷ்மணின் ‘சாமானியன்’தான் அதன் அடையாளச் சின்னம். ‘சூரரைப் போற்று’ படத்தின் மூலக்கதை இவருடைய வாழ்க்கை என்பதால் தமிழ் வாசகர்களுக்குப் புதியவர் அல்ல.

முதல் பாதை பெங்களூருக்கும் ஹூப்ளிக்கும் இடையே. விமானம் 48 பேர் உட்காரும் ஏடிஆர். கோவையும் விரைவில் அந்த வரைபடத்தில் சேர்ந்தது.

மற்ற நிறுவனங்கள் முழுக் கட்டணத்தில் தொடங்கி, மிஞ்சும் என்று தெரிந்த இருக்கைகளுக்கு மட்டும் விலையைக் குறைத்தன. கோபிநாத் படிக்கட்டைக் கீழிருந்து ஏறினார். முதலில் வருபவருக்கு அடிமட்ட விலை. இருக்கை விற்க விற்க விலை ஏறும். கடைசியில் வருபவருக்கு உச்ச விலை. அந்த உச்சமும் மற்றவர்களின் ‘ஒய்’க்குக் கீழேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

பிறகு வந்தது ஒரு ரூபாய் டிக்கெட்.

ஒரு ரூபாய்க்கு விமானப் பயணம் என்று நாடே பேசியது. ஒரு விமானத்தில் அப்படிப்பட்ட இருக்கைகள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். விமான நிலையச் சேவைக் கட்டணமும் பிற வரிகளும் தனி. ஆனாலும் அது பொய் விளம்பரம் அல்ல. கணினி முன் கண் விழித்துக் காத்திருந்தவர்களுக்கு உண்மையாகவே கிடைத்தது. பெட்ரோல் பங்கிலும் டிக்கெட் விற்ற நிறுவனம் அது.

ஒரு ரூபாயால் நிறுவனத்துக்கு என்ன லாபம்? அந்த இருக்கையால் ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தேடி வந்து கிடைக்காமல் போனவர் அடுத்த படியில் 500-க்கோ 1,000-க்கோ வாங்கினார். அவர் அதுவரை பேருந்தில் போனவர். விமானக் கட்டணம் தனக்கு எட்டாது என்று விலையைக்கூடக் கேட்காமல் இருந்தவர். அவரை விலை கேட்க வைத்ததுதான் ஒரு ரூபாயின் வேலை.

2005 மே மாதத்தில் ஸ்பைஸ்ஜெட் 99 ரூபாய் டிக்கெட்டோடு வந்தது. அதே மாதம் கிங்ஃபிஷர். ஆண்டு முடிவதற்குள் கோ ஏர். 2006 ஆகஸ்டில் இண்டிகோ.

மூன்றே ஆண்டில் ‘ஒய்’யின் அரை நூற்றாண்டு ஆட்சி முடிந்தது.

* * *

திரையில் தெரிந்தது

அந்த நாள்களில் அவினாசி ரோட்டிலோ கிராஸ்கட் ரோட்டிலோ ஒரு டிராவல் ஏஜென்சிக்குள் போயிருந்தால், ஏஜென்ட்டின் திரையில் ஒரு வரியைப் பார்த்திருக்கலாம். ஒய்9, பி9, எம்4, க்யூ2, வி0.

எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண், அந்தப் படியில் இன்னும் விற்பனைக்கு உள்ள இருக்கைகள். ஒன்பதுக்கு மேல் எத்தனை இருந்தாலும் திரை ஒன்பது என்றே காட்டும். ‘வி’ மூடிவிட்டது. ‘க்யூ’வில் இரண்டு மிச்சம். ‘எம்’மில் நான்கு.

கணவன், மனைவி, குழந்தை என்று மூன்று பேருக்குச் சேர்த்துக் கேட்டால் என்ன ஆகும்? ‘க்யூ’வில் இரண்டுதான் இருக்கிறது. இரண்டை ‘க்யூ’விலும் ஒன்றை ‘எம்’மிலும் போட்டுத் தரலாமே என்று தோன்றும். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மூன்று பேரையும் ‘எம்’மில் தூக்கிப் போடும். விவரமான ஏஜென்ட் இரண்டு டிக்கெட்டைத் தனியாகவும் ஒன்றைத் தனியாகவும் போட்டார். விவரமான குடும்பங்கள் இன்றைக்கும் அப்படித்தான் செய்கின்றன.

இந்த வரி பயணிக்குக் காட்டப்பட்டதில்லை. அவர் கேட்டது விலையை மட்டும். அதனால் சண்டைகள் வந்தன.

“ஏனுங்க, பக்கத்துல உட்கார்ந்தவரு ரெண்டாயிரம்கிறாரு. எனக்கு மட்டும் எப்படிங்க அஞ்சாயிரம்?”

கேள்வி நியாயமானது. கொங்கு வியாபாரிக்கு விலை ஏறி இறங்குவது புதிதல்ல. நூல் விலை ஏறினால் அன்று சாயங்காலத்துக்குள் திருப்பூர் முழுக்கத் தெரியும். ஏறிய விலை எல்லாருக்கும் ஒன்றே. இங்கே ஒரே சரக்குக்கு, ஒரே நாளில், ஆளுக்கொரு விலை. அதுவும் அடுத்தவர் என்ன கொடுத்தார் என்பதே தெரியாமல்.

டிக்கெட்டில் இன்னொரு பொறியும் இருந்தது. அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே, வரிகளோடு வரியாக, ‘ஒய்க்யூ’ என்று ஒரு தொகை ஏறியது. பார்ப்பதற்கு அரசு வரி போலவே இருக்கும். உண்மையில் அது விமான நிறுவனமே வசூலித்துக்கொண்ட எரிபொருள் கூடுதல் கட்டணம். அடிப்படைக் கட்டணம் இறங்குகிற மாதிரி விளம்பரம் வரும். ‘ஒய்க்யூ’ சத்தமில்லாமல் ஏறும்.

2008 ஜூன் 1 முதல் உலகம் முழுவதும் காகித டிக்கெட் நின்றது. சிவப்புக் கார்பன் போனது. கட்டங்களும் போயின. மலிவு நிறுவனங்களின் இணையதளங்களில் எழுத்துகளுக்குப் பதிலாக ‘சேவர்’, ‘ஃப்ளெக்ஸி’ போன்ற பெயர்கள் வந்தன. எழுத்து மறைந்துவிட்டது என்று தோன்றும். அது உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

* * *

யார் கொடுத்த காசு?

திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். 2005 ஜனவரி 1-இல் உலக ஜவுளி வணிகத்தின் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. வெளிநாட்டு ஆர்டருக்கு இனி வரம்பு இல்லை. போட்டிக்கும் வரம்பு இல்லை. வாங்குபவர் திடீரென்று டெல்லிக்கு வருகிறார். நாளை காலை சந்திக்க வேண்டும் என்று இன்று மாலை போன் வருகிறது. சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றுமதியாளர் பீளமேட்டுக்கு ஓடுகிறார்.

அவருக்குக் கிடைப்பது ‘ஒய்’.

அதே விமானத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் போகிறார். செமஸ்டர் லீவுக்கு ஒரு மாதம் முன்பே, இரவு பன்னிரண்டு மணிக்கு விழித்திருந்து வாங்கியவர். அவருக்குக் கிடைத்தது ‘வி’.

மாணவரிடம் காசு இல்லை, நேரம் இருந்தது. ஏற்றுமதியாளரிடம் காசு இருந்தது, நேரம் இல்லை. லிட்டில்வுட்டின் கணக்கு இந்த இருவரையும் பிரித்து அறிந்தது. அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், எப்போது வாங்க வருகிறார்கள் என்பதை மட்டும் வைத்தே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏற்றுமதியாளரின் சந்திப்பு மாலைக்குத் தள்ளிப்போனால், ‘ஒய்’ டிக்கெட்டை அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொள்வார். தேவையில்லை என்றால் பணத்தைத் திரும்ப வாங்குவார். மாணவருக்குத் தேர்வுத் தேதி மாறினால் ‘வி’ டிக்கெட் வெறும் தாள். இருவரும் வாங்கியது ஒரே இருக்கையை. ஏற்றுமதியாளர் அதோடு மனம் மாறும் உரிமையையும் சேர்த்து வாங்கினார். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அதற்கு.

மீதிப் பங்கு? அது அவசரத்தின் மீது போட்ட வரி. இதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. தொழிலுக்காக ஓடுகிறவருக்கு அது செலவுக் கணக்கு. ஆனால் ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று செய்தி கேட்டு ஓடுகிற மகனுக்கும் அதே ‘ஒய்’தான். கடைசி நேரத்தில் வருகிறவர் வியாபாரியா, துக்கத்தில் இருப்பவரா என்று அந்தக் கணக்கு பார்க்காது. அதற்குத் தெரிந்தது, அவர் எப்படியும் போயே ஆகவேண்டியவர் என்பது மட்டுமே.

பழைய ஒற்றைக் கட்டணம் எல்லாருக்கும் சமமாக இருந்தது. அந்தச் சமம் ஊரில் பெரும்பாலானவர்களை வாசலிலேயே நிறுத்தியது. புதிய எழுத்துகள் வாசலைத் திறந்தன. உள்ளே வந்தவர்களை ஆளுக்கொரு விலையில் உட்கார வைத்தன. எது நியாயம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

* * *

படிக்கட்டே வேண்டாம் என்றவர்

இந்தக் குழப்பத்தின் நடுவே 2005 அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு நிறுவனம் எதிர்த்திசையில் கிளம்பியது. மதுரை ஜவுளிக் குடும்பத்தைச் சேர்ந்த எம். தியாகராஜனின் பாரமவுண்ட் ஏர்வேஸ். சென்னையைத் தளமாக வைத்து, பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் ஜெட்களைக் கோவை, மதுரை போன்ற ஊர்களுக்கு விட்டது.

அதன் விமானத்தில் எகானமியே கிடையாது. முழுக்க பிசினஸ் வகுப்பு. கட்டணமோ மற்றவர்களின் எகானமி விலையை ஒட்டி.

எப்படி முடிந்தது? விதிகளில் ஒரு சந்து இருந்தது. 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை. பாரமவுண்ட்டின் ஜெட்களில் இருந்தவை எழுபதுகளில்தான். இருக்கையைக் குறைத்து அகலமாகப் போட்டால், செலவும் ஒரு பக்கம் குறைந்தது.

கோவைத் தொழிலதிபர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அவசரத்துக்கு ‘ஒய்’ விலை கொடுத்தே பழகியவர்கள்; அந்த விலைக்குக் கால் நீட்ட இடமும் கிடைத்தால் கசக்குமா?

ஏர் டெக்கான் கடைசி நேரப் பயணியின் காசில் முதலில் வருபவரை ஏற்றியது. பாரமவுண்ட் கடைசி நேரப் பயணியை மட்டுமே நம்பியது. பாதை வேறு, இரண்டும் காத்திருந்தது அதே ஆளுக்குத்தான்.

இரண்டுமே நிலைக்கவில்லை. 2007-இல் ஏர் டெக்கானின் பங்குகளைக் கிங்ஃபிஷர் வாங்கியது. அடுத்த ஆண்டு டெக்கான் ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆனது. விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடு மூண்ட தகராறில் பாரமவுண்ட் 2010-இல் நின்றது.

நிறுவனங்கள் போயின. எழுத்துகள் தங்கின.

* * *

காமலாபுரத்தின் காலி ஓடுபாதை

கோவைக்கு வடகிழக்கே இன்னொரு ஓடுபாதை இருக்கிறது. சேலத்தை அடுத்த காமலாபுரம்.

1993-இல் அது திறந்தது. என்.இ.பி.சி. வந்தது, போதிய பயணிகள் இல்லை என்று போனது. பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. 2011-இல் அதுவும் போனது.

சேலம் ஏழை ஊரல்ல. உருக்காலை இருக்கிறது, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன, ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, ஜவுளி இருக்கிறது. ஆனால் அங்கே அவசரக்காரர் காரில் ஏறி பெங்களூருக்கோ கோவைக்கோ போய் விமானம் பிடித்தார். அவசரமில்லாதவர் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போனார். விமானம் தினமும் வரும் என்ற நம்பிக்கை இல்லாத ஊரில், விமானத்தை நம்பித் தொழில் திட்டம் போட யாரும் துணியவில்லை. அப்படித் துணிகிறவர்கள் இல்லாததால் விமானமும் வரவில்லை.

லிட்டில்வுட்டின் கணக்கு இங்கே வந்து கைவிரிக்கிறது. அதற்குக் கடந்த 100 பயணங்களின் பதிவு வேண்டும். கடைசி நேரத்தில் முழு விலை கொடுக்க ஓடி வருகிற பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் இல்லாவிட்டால் ‘ஒய்’யில் விற்க ஆள் இல்லை. ‘ஒய்’ விற்காவிட்டால் ‘வி’யை மலிவாகக் கொடுக்க வழி இல்லை. படிக்கட்டின் உச்சிப் படி உடைந்தால் அடிப்படியும் சேர்ந்து விழும்.

பீளமேட்டில் ‘ஒய்’யின் ஆட்சியை முடித்து வைத்த அதே கணக்கு, 160 கிலோமீட்டர் தள்ளி இருந்த காமலாபுரத்தில் ஒரு விமானத்தைக்கூட நிலைக்க வைக்க முடியாமல் நின்றது.

அப்படிப்பட்ட ஊருக்கு இருக்கையின் விலையை யார் எழுதுவது? எழுதினால், எழுதிய விலைக்கும் உண்மைச் செலவுக்கும் நடுவே விழும் பள்ளத்தை யார் காசைக் கொட்டி நிரப்புவது?

2016-இல் டெல்லியிலிருந்து ஒரு விடை வந்தது. விமானத்தின் பாதி இருக்கைகளுக்கு அரசே விலை குறிக்கும் என்றது அது. மீதிப் பாதி?

(தொடரும்)